ஊருணியில் ஒரு பங்கு

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டை செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்வோர் பலர், கீரனூரில் இறங்கித் தேநீர் அருந்திவிட்டு மீண்டும் பேருந்தில் ஏறிவிடுவர். அண்மையிலுள்ள குளத்தூரைத் தேடிச் செல்வோர் சிலரே. வட்டாட்சியர் அலுவலகமும் கடைவீதியும் கீரனூரில் இருக்க, வட்டத்தின் பெயர் மட்டும் இன்றளவும் குளத்தூர் வட்டம் என்றே வழங்குகிறது. காரணம் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டைத் தொண்டைமான் மரபின் ஒரு கிளையினர் ஒரு காலத்தில் குளத்தூரையே தலைமையிடமாகக் கொண்டு ஆண்டனர். பின்னர்ச் சமஸ்தானத்தில் ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்று மூன்றே வட்டங்கள் இருந்தன. சமஸ்தானம் 1948 மார்ச்சு 3ஆம் நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14ஆம் நாள் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அரசுகள் மாறின, அலுவலகங்கள் இடம் பெயர்ந்தன. குளத்தால் பெயர் பெற்ற ஊரின் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில், அப்பகுதியில் பணியாற்றிய நண்பரான குருவானவர் ஒருவர் நம்மை அழைத்திருந்தார். "ஊர்க் கூட்டம் ஒன்று நடக்கப்போகிறது, நீங்களும் வந்து பாருங்கள்" என்பதே அவருடைய அழைப்பு. கூட்டத்தில் நாம் கற்றுக்கொண்ட பாடத்தை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறோம். அவ்வட்டத்தில் எந்தச் சிற்றூராகவும் அது இருக்கலாம். நம்முடைய ஊராகவும் இருக்கலாம்.

கல்லும் குளமும்

அப்பகுதியில் செல்லும் வழியெல்லாம் கண்ணில் படுவன மொட்டைப் பாறைகளும், செம்மண் மேடுகளும், அவற்றிடையே கரை கட்டிய குளங்களுமே. வற்றாத ஆறு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. வெள்ளாறு மழைக்காலத்தில் ஓடி, கோடையில் மணலாகக் கிடக்கும். ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதில் கணிசமான பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

தரைக்கடியில் இருப்பதும் கடினப் பாறையே. அதன்மேல் சிதைந்து கிடக்கும் அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஆற்றுப்படுகை ஊர்களில் போல் தோண்டிய இடமெல்லாம் ஊற்றெடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டு பருவம் மழை பொய்த்தால் கிணறு வறண்டுவிடும். பெருஞ்செலவில் ஆழ்துளைக் கிணறு இறக்கினாலும், வெடிப்பு அகப்பட்டால் நீர். அகப்படாவிட்டால் வெறும் புழுதி.

இதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆகவேதான் இம்மாவட்டத்தில் 5,000க்கு மேற்பட்ட கண்மாய்களையும் குளங்களையும் வெட்டி வைத்தனர். அக்கரைகளிலும் மதகுகளிலும் கிடைத்துள்ள பழைய கல்வெட்டுகள், மடை அமைத்தவர் பெயரைக் கல்லில் பொறித்துக் காத்திருக்கின்றன. சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டில் ஓவியன் தீட்டியது என்ன தெரியுமா? தாமரை பூத்த ஒரு குளம். வறண்ட பாறையைக் குடைந்து உட்கார்ந்தவனின் கண்முன் நின்ற அழகு, நீர் நிறைந்த குளமே.

நம் திருச்சபைக்கும் இம்மண் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைக் குரு வெனான்சியுஸ் பூசே அடிகளார் ஆவூரில் மறைப்பணித் தளத்தை நிறுவினார். ஊர் ஊராகக் கால்நடையாய்ச் சென்ற அக்குருக்களும் உபதேசியார்களும் தாகம் தீர்த்துக்கொண்டது இவ்வூர்களின் குளத்து நீரால் அன்றி வேறு எதனால்?

ஊரார் உண்ணும் நீர்

கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு என்பது அப்பகுதி வழக்கு. ஊரார் உண்ணும் நீரைத் தாங்குவதால் அது ஊருணி. உலகம் விரும்ப வாழும் பேரறிவாளனின் செல்வத்துக்கு உவமை தேடிய திருவள்ளுவரும், நீர் நிறைந்த ஊருணியையே தேர்ந்துகொண்டார். தனி ஒருவனுக்கு மட்டும் பயன்படும் ஊருணி என்று ஒன்று இல்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

ஊருணிக்கரையில் பெரியவர் ஒருவர் நமக்கு அதன் இலக்கணத்தை விளக்கினார். மழைநீர் சுற்றியுள்ள மேட்டு நிலத்திலிருந்து வரத்துக்கால் வழியே வந்து சேர வேண்டும். அந்த மேட்டில் யாரும் மலசலம் கழிக்கலாகாது, பிணம் எரிக்கலாகாது. ஊருணிக்குள் மாடு இறங்கலாகாது. குளிக்கவும் துவைக்கவும் வேறு குட்டை உண்டு. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டுத்தான் படித்துறையில் இறங்க வேண்டும். நிறைந்தபின் மிகுதி நீர் கலிங்கு வழியே வெளியேறிக் கண்மாய்க்குப் போய்விடும். கலங்கிய நீரை வீட்டுக்குக் கொண்டுவந்த பெண்கள், பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து வைப்பார்கள். சிறிது நேரத்தில் கலங்கல் அடியில் படிந்து மேலே தெளிநீர் நிற்கும்.

"அது எல்லாம் எங்க அம்மா காலத்தோட போச்சு சாமி" என்றார் பெரியவர். குழாய் வந்தது. மேல்நிலைத் தொட்டி வந்தது. காவிரி நீரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியே இம்மாவட்டத்துக்கு வந்தது. இவையெல்லாம் நன்மைகளே, குடம் சுமந்து நெடுந்தொலைவு நடந்த பெண்களின் துன்பத்தைக் குறைத்தவை. ஆனால் குழாய் வந்த நாளில் ஊருணியை ஊர் கைவிட்டது. வரத்துக்கால் தூர்ந்தது, சீமைக்கருவேல் முளைத்தது, குப்பை சேர்ந்தது. பின்னர் மின்சாரம் நின்றபோதும், குழாய் உடைந்தபோதும், ஆழ்துளைக் கிணறு வற்றியபோதும் ஊர் வெறுங்குடத்தோடு நின்றது. லாரித் தண்ணீருக்குக் கையேந்த வேண்டியதாயிற்று.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர். அப்பரப்பில் 3 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் அது 1 கோடியே 20 லட்சம் லிட்டர். வெயில் குடிப்பதும் மண் குடிப்பதும் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சுவது 40 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் குடிக்கவும் சமைக்கவும் போதும் என்றால், ஆயிரம் பேருக்கு ஓராண்டுக்குத் தேவை 36 லட்சத்து 50 ஆயிரம் லிட்டர். ஆக, ஒழுங்காகக் காக்கப்படும் ஒரு ஏக்கர் ஊருணி ஒரு சிற்றூரின் தாகத்தைத் தீர்த்துவிடும்! மழை நம்மை ஏமாற்றவில்லை. நாம்தான் அதற்கு இடம் கொடாமல் அனுப்பிவிடுகிறோம்.

சாமியார் கிணறு

பங்குக் குருக்களாகிய நம்மைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1960களிலும் 1970களிலும் பஞ்சம் தாக்கியபோது, தமிழகத்தின் பல பங்குகளில் வெளிநாட்டிலிருந்து வந்த கோதுமையையும் எண்ணெயையும் கூலியாகக் கொடுத்துக் கிணறுகளும் குளங்களும் வெட்டப்பட்டன. பசித்தவனுக்கு உணவும் கிடைத்தது, ஊருக்குக் கிணறும் கிடைத்தது. அக்குருக்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நாமறிந்த ஓர் ஊரில் அப்படி வெட்டிய கிணற்றுக்கு மக்கள் இட்ட பெயர் 'சாமியார் கிணறு'. அது தூர்ந்தபோது ஊரார் மண்வெட்டியை எடுக்கவில்லை. கோவிலுக்கு வந்து, "சாமி, உங்க கிணறு தூந்து போச்சு" என்றார்கள். 'உங்கள் கிணறு' என்ற அச்சொல் இன்றும் நம் காதில் ஒலிக்கிறது.

அரசும் இப்பாடத்தைச் சுற்றி வந்தே கற்றது. முற்காலத்தில் குடிமராமத்து என்ற பெயரில் ஊராரே ஆண்டுதோறும் குளத்தைச் செப்பனிட்டு வந்தனர். ஆங்கிலேயர் ஆட்சி 1858இல் அதற்கென ஒரு சட்டமே இயற்றியது. எனினும் குளங்கள் அரசின் உடைமை என்ற எண்ணம் வேரூன்றியபின், அவ்வழக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 2002இல் மைய அரசு தொடங்கிய ஸ்வஜல்தாரா திட்டம், குடிநீர்ப் பணிச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊரார் ஏற்க வேண்டும் என்றது. 2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே திட்டம் ஒன்றைத் தொடங்கி, பாசனக்காரர்களின் பங்களிப்பைக் கோரியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையும், ஊராரின் பங்குத்தொகையைப் பெற்றுத்தான் கண்மாய்களையும் ஊருணிகளையும் சீர்படுத்தி வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னையெல்லாம் சாய்ந்தபின், இம்மாவட்டத்தின் கொத்தமங்கலம் இளைஞர்கள் 2019இல் தங்கள் கைப்பொருளைத் திரட்டித் தங்கள் குளத்தைத் தூர்வாரத் தொடங்கினர். இழந்தவர்களே கொடுத்தார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கூட்டத்தில் நடந்தது

இனி, நாம் கண்ட கூட்டத்துக்கு வருவோம். மந்தையில் புளிய மரத்தடியில் இரவு எட்டு மணிக்கு மேல் ஊர் கூடியது. ஊருணியைத் தூர்வார வேண்டும், கரையில் வடிகட்டிக் கிணறு ஒன்று கட்ட வேண்டும், வேலி அடைக்க வேண்டும். செலவைத் தலைக்கட்டு வரியாகப் போடுவது என்று பேச்சு. திருமணமான ஆண்மகன் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. வீட்டுக்கு வீடு ஏற்றத்தாழ்வில்லாத வரி. கோவில் திருவிழாவுக்கு எப்படியோ அப்படியே ஊருணிக்கும்.

அப்போது ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார். காலனித் தெருவைச் சுட்டிக்காட்டி, "அவங்க பாவம் சாமி, கூலிக்குப் போறவங்க. அவங்ககிட்ட வரி வேண்டாம். நாமளே போட்டு முடிச்சிடலாம்" என்றார். அவர் தீய மனிதர் அல்லர். குரலில் இரக்கமே இருந்தது. நமக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஏழையின் சுமையைக் குறைப்பது நற்செய்தியின் வழிதானே என்று எண்ணித் தலையசைத்தோம்.

கூட்டத்தின் ஓரத்தில், விளக்கு வெளிச்சம் சரியாக எட்டாத இடத்திலிருந்து வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் எழுந்து நின்றார்.

"சாமி, எங்களுக்கும் வரி போடச் சொல்லுங்க."

"ஏன் அம்மா? நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்றுதானே பெரியவர் சொல்கிறார்?" என்றோம்.

"இன்னைக்குக் கொடுக்காட்டி, நாளைக்குப் படித்துறையில கால் வைக்கையில 'நீ என்ன கொடுத்தே'ன்னு கேப்பாங்க சாமி. காசு இல்லாட்டி மண்ணு சுமக்குறோம். அதைக் கணக்குல எழுதச் சொல்லுங்க."

மந்தை அமைதியாயிற்று. நாம் தலைகுனிந்தோம். அரை நூற்றாண்டைக் கடந்த நம் வயதும், குருமடத்தில் கற்ற இறையியலும் காணத் தவறியதை அந்த அம்மா கண்டுவிட்டார். வரியிலிருந்து விலக்கு என்பது இரக்கத்தின் உடையில் வந்த விலக்கிவைத்தல். இலவசமாகத் தரப்படும் நீரை, தந்தவன் விரும்பும்போது நிறுத்திக்கொள்ளலாம். பங்கு கொடுத்துப் பெற்ற நீரை யாரும் மறுக்க முடியாது.

பேச்சு நெடுநேரம் நீண்டது. சிலர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டனர். முடிவில், எல்லாத் தலைக்கட்டுக்கும் ஒரே வரி, பணமில்லாதவர் அதற்கீடான நாள்களுக்கு மண் சுமக்கலாம், கணவனை இழந்து தனித்து வாழும் பெண்கள் விரும்பினால் பாதி வரி கொடுக்கலாம் என்று தீர்மானமாயிற்று. நோட்டுப் புத்தகம் ஒன்றில் பெயர்கள் எழுதப்பட்டு, அங்கேயே உரக்க வாசிக்கப்பட்டன. அந்த அம்மாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது, அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை நாம் பார்த்தோம்.

தாகமும் தீட்டும்

இதைப் பெரிதுபடுத்துகிறோம் என்று வாசகர் எண்ண வேண்டாம். இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் வேங்கைவயலில், 2022 டிசம்பரில், பட்டியல் இன மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது வெளிப்பட்டு நாடே வெட்கித் தலைகுனிந்தது. செய்தவர் யார் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் வேலை. அதை நாம் எழுதவில்லை. ஆனால் குடிநீரில் கைவைக்கும் நெஞ்சம் இம்மண்ணில் உண்டு என்பதைப் பார்த்தபின், ஊருணியை வெறும் மண்வேலையாக எண்ணி நாம் பேச முடியுமா?

கத்தோலிக்கர் நாமும் கைகளைக் கழுவிக்கொள்ள இயலாது. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றின் நடுவே எழுந்த சுவர்களை யார் கட்டினார்கள்? யாக்கோபின் கிணற்றருகே களைத்து அமர்ந்த ஆண்டவர், சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். யூதர் சமாரியரோடு பழகாத காலம் அது. கேட்டவர் அவரே, கொடுக்க வேண்டியவள் அந்தப் பெண். தாழ்த்தப்பட்டவளின் குடத்திலிருந்து நீர் அருந்த முன்வந்தவரையல்லவா நாம் ஞாயிறுதோறும் நற்கருணையில் உட்கொள்கிறோம்! பாதுகாப்பான குடிநீர் ஒவ்வொரு மனிதனின் அடிப்படை உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில் கற்பித்தார். அப்போதனை ஏட்டில் இருந்தால் போதாது. படித்துறைக்கு இறங்கிவர வேண்டும்.

மீண்டும் ஒரு தை மாதம்

மழைக்காலம் ஒன்று கழிந்தபின், பொங்கலையடுத்து மீண்டும் அவ்வூருக்குச் சென்றோம். ஊருணி நிறைந்து கிடந்தது. வண்டல் மண்ணை உழவர்கள் தங்கள் வயலுக்கு ஏற்றிச் சென்றதால் தூர்வாரும் செலவில் ஒரு பகுதி குறைந்ததாம். இயந்திரத்தை வைத்து இன்னும் ஆழமாகத் தோண்டலாமே என்று இளைஞர் சிலர் முனைந்தபோது, முதியோர் தடுத்தனராம். அடியிலுள்ள களிமண் படுகையே நீரைத் தாங்குகிறது. ஆசையால் அதைக் கிழித்துவிட்டால் பெய்த நீரெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றியதாகிவிடும். ஆழத்திலும் ஓர் அளவு வேண்டும் என்பது அம்முதியோரின் படிப்பு.

கரையோரம் வடிகட்டிக் கிணறு எழுந்திருந்தது. ஊருணி நீர் கூழாங்கல், சரளை, மணல் ஆகிய அடுக்குகளைக் கடந்து கிணற்றில் தெளிந்து சேர, கைப்பம்பில் அடித்து எடுக்கிறார்கள். ஆயினும் காய்ச்சிக் குடிப்பதே நலம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சிற்றாலயத்தின் கூரையிலும் குழாய் பொருத்தித் தொட்டி கட்டியிருந்தனர். கூரையின் தூசியைக் கழுவிவரும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து சேர்க்கிறார்கள். தமிழக அரசு 2003இல் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டடங்களுக்கெல்லாம் கட்டாயமாக்கியபோது, எத்தனையோ இடங்களில் குழாய் மட்டும் பொருத்திவிட்டு மறந்துபோனோம். இங்கே குழாயின் மறுமுனையில் தண்ணீர் இருந்தது.

அந்த அம்மாவையும் கண்டோம். "நம்ம ஊருணியைப் பாத்தீங்களா சாமி?" என்று கேட்டார். 'உங்க கிணறு' என்று கேட்ட நம் செவிக்கு, 'நம்ம ஊருணி' என்ற சொல் எவ்வளவு இனித்தது!

எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எழுதினால் அது பொய்யாகும். கைப்பம்பு ஒன்றே, படித்துறையும் ஒன்றே. ஆனால் ஒரு தெருப் பெண்கள் விடியலிலும், மற்றொரு தெருப் பெண்கள் வெயில் ஏறியபின்னும் வருவதைக் கண்டோம். நீர் ஒன்றாகிவிட்டது, நேரம் இன்னும் ஒன்றாகவில்லை. "வரும் சாமி, பிள்ளைங்க காலத்துல வரும்" என்றார் அந்த அம்மா. அவர் கண்ட அளவு நம்பிக்கை நமக்கு இருந்ததா என்று நம்மையே கேட்டுக்கொண்டு திரும்பினோம்.

தொடக்க நூலில் ஈசாக்கின் வரலாறு உண்டு. தந்தை ஆபிரகாமின் காலத்தில் தோண்டிய கிணறுகளைப் பெலிஸ்தியர் மண்ணால் மூடிவிட, ஈசாக்கு அவற்றை மீண்டும் தோண்டி, தந்தை இட்ட பெயர்களையே இட்டார். பின்பு தோண்டிய கிணறுகளுக்காகச் சண்டை மூண்டது. அவர் விட்டுக்கொடுத்து நகர்ந்து, சண்டையில்லாத ஒரு கிணற்றைக் கண்டபோது, 'ஆண்டவர் நமக்கு இடம் அளித்தார்' என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார். தூர்ந்ததைத் தோண்டுவது முதல் வேலை. எல்லாருக்கும் இடம் உண்டாக்குவது அதனினும் கடினமான இரண்டாம் வேலை.

அன்பு வாசகர்களே! கோவிலைச் சார்ந்த குடும்பங்களின் கூட்டத்தை நாம் 'பங்கு' என்று அழைக்கிறோம். ஊர் வழக்கில் பங்கு என்பது ஒருவர் கொடுக்க வேண்டிய பாகம். அவருக்கு உரிய பாகமும் அதுவே. இவ்விரண்டும் வேறல்ல என்பதைக் குளத்தூர் வட்டத்தின் ஒரு புளிய மரத்தடி நமக்குக் கற்பித்தது. வரும் ஐப்பசிக்குள் உங்கள் ஆலயக் கூரையின் நீர் எங்கே போகிறது என்று பாருங்கள். உங்கள் ஊர்க் குளத்தின் வரத்துக்காலில் யார் குப்பை கொட்டுகிறார்கள் என்று பாருங்கள். பணிக்கு நிதி திரட்டும்போது, நோட்டுப் புத்தகத்தில் யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். விடுபட்டவரிடம் போய், "உங்கள் பங்கையும் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு ரூபாயானாலும், ஒரு கூடை மண்ணானாலும் அது கணக்கில் ஏறட்டும்.

நல்லோர்மீதும் தீயோர்மீதும் ஒருபோல மழை பொழியச் செய்யும் நம் வானகத் தந்தை, எந்தத் தெருவையும் விட்டுவிட்டுப் பொழிவதில்லை. அவர் பிரிக்காமல் தந்த நீரை, நாமும் பிரிக்காமல் சேர்த்து வைப்போமாக.